நம்பிக்கையே முதல்

பகவான் புத்தரின் வரலாற்றில் வரும் அங்குலிமாலனின் கதையை நம்மில் பலர் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். வழிப்போக்கரைக் கொன்று, அவர்களுடைய விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தவன் அவன். புத்தரைத் துரத்திச் சென்று, அவரை எட்ட இயலாமல் களைத்து நின்றான்; அவருடைய சொல்லால் மனம் திரும்பி, ஆயுதங்களை எறிந்துவிட்டுத் துறவியானான். கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயம் இதற்குப் பின்னரும் கதையைத் தொடர்கிறது. அந்தப் பிற்பகுதியே இம்மாதப் பாடத்துக்கு அடிப்படை.

துறவியான பின் அங்குலிமாலருடைய வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகள் கூறப்படுகின்றன. முதலாவது, அவரைப் பிடிப்பதற்காகக் குதிரைப்படையுடன் புறப்பட்ட கோசல மன்னன் பசேனதி, புத்தரின் அருகில் அமர்ந்திருக்கும் துறவியே அந்தக் கொள்ளையன் என்று அறிந்து நடுங்குகிறான். பின்பு அச்சம் தெளிந்து, அவருக்கு வேண்டிய உடை, உணவு, உறைவிடம், மருந்து ஆகியவற்றை அளிக்க முன்வருகிறான். இரண்டாவது, பேறுகால வேதனையில் துடிக்கும் ஒரு தாயைக் கண்டு அங்குலிமாலர் மனம் கசிகிறார். புத்தர் அவரையே அனுப்பி, அத்தாய்க்கு நலம் விளையச் செய்கிறார். உயிர் பறித்தவர் ஓர் உயிர் உலகுக்கு வரத் துணை நிற்கிறார். மூன்றாவது, பிச்சை ஏற்க நகருக்குள் சென்ற அவர்மீது மண்கட்டியும் தடியும் ஓட்டுச்சில்லும் வந்து விழுகின்றன. தலையில் குருதி வழிய, உடைந்த பாத்திரத்துடன் குருவிடம் திரும்புகிறார். அதைப் பொறுத்துக்கொள்ளுமாறு குரு கூறுகிறார்.

இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று உள்ளது. மனம் திருந்துவது ஒரு நொடியில் நிகழக்கூடும். ஆனால் ஊர் எறியும் கல் நிற்பதற்கு நெடுங்காலம் ஆகும். இந்த இடைவெளியில் ஒருவர் தளர்ந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், அவரை நம்பத் துணிபவர் ஒருவர் வேண்டும். பிறருக்குப் பயன்படும் பணி ஒன்றும் வேண்டும். சிறையிலிருந்து மீண்டு வருவோரின் வாழ்வை இந்த ஒளியில் சிந்திப்போம்.

சிறைவாயிலுக்கு வெளியே

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய 5,73,000 பேர் இருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளிகள் என்று நீதிமன்றம் இன்னும் தீர்ப்பளிக்காதவர்கள். தண்டனை முடிந்து வருபவராயினும், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவராயினும், ஊர் அவர்களை ஒரே பெயரால்தான் குறிப்பிடுகிறது: 'உள்ளே இருந்துவிட்டு வந்தவன்.'

வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்கப்படுகிறது. வாடகை வீடு தேடினால், இத்தனை ஆண்டுகள் எங்கிருந்தீர்கள் என்ற கேள்வி எழுகிறது. கடன் வேண்டுமென்றால் பிணை நிற்க ஆள் வேண்டும். சொந்த வீட்டிலேயே, மகளின் திருமணப் பேச்சு முடியும்வரை வெளியில் தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. இவை காயம் தெரியாமல் விழும் கற்கள். ஆனால் நாள்தோறும் விழுபவை. எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும்போது, பழைய கூட்டாளியின் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்குமானால், அவர் எங்கே செல்வார்? குற்றத்துக்குத் திரும்புபவர்கள் எல்லாரும் தீமையை விரும்பித் திரும்புவதில்லை. தம்மை வரவேற்ற ஒரே இடத்துக்குத் திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு.

நிற்கக் கற்றல்

அங்குலிமாலனின் மாற்றம், ஓடிக்கொண்டிருந்தவன் நின்றதில் தொடங்கியது. நம் காலத்துச் சிறைகளிலும் அத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. 1975ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் கைதிகளுக்கான பத்து நாள் விபாசனைத் தியான முகாமை ஆசாரியர் கோயங்கா நடத்தினார். அப்போது ராஜஸ்தானின் உள்துறைச் செயலராக இருந்த ராம் சிங் அதற்கு வழிவகுத்தார். பின்னர் 1994 ஏப்ரலில், கிரண் பேடி தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில், தில்லித் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் அமர்ந்தனர். அச்சிறைக்குள்ளேயே நிலையான தியான மையமும் அமைந்தது.

கோபம் எழும்போது அது எழுவதை அறிதல், உடனே கையை ஓங்காமல் ஒரு கணம் நிற்றல் ஆகியவற்றைத் தியானம் கற்பிக்கிறது. இது பெரும் பேறு. ஆயினும் தியானம் செய்து அமைதியடைந்த மனிதருக்கும் விடுதலையான மறுநாள் பசிக்கும். அவருடைய குழந்தைகளுக்கும் பசிக்கும். அகத்தில் ஏற்பட்ட மாற்றம் புறத்தில் வேரூன்ற ஒரு நிலம் வேண்டும். உழைத்து உண்ணும் வாழ்வே அந்த நிலம்.

தம் உழைப்பில் நிற்றல்

ஜெய்ப்பூருக்கு அருகில் சாங்கானேரில் 1963 முதல் திறந்தவெளிச் சிறை ஒன்று இயங்கி வருகிறது. அக்காலத்தில் ராஜஸ்தான் ஆளுநராக இருந்த சம்பூர்ணானந்தரின் பெயரை அது தாங்கியுள்ளது. நெடுங்காலத் தண்டனை பெற்று, அதன் ஒரு பகுதியை நன்னடத்தையுடன் கழித்தவர்கள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் தம் குடும்பத்தினருடன் வாழலாம். பகலில் வெளியே சென்று உழைக்கலாம். வருகைக் கணக்கெடுக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். உணவும் குடும்பச் செலவும் அவரவர் பொறுப்பு.

அரசு அங்கே கைதிகளுக்கு அளிப்பது பொருளன்று, நம்பிக்கை. காலையில் வெளியே செல்பவர் மாலையில் திரும்புவார் என்ற நம்பிக்கை அது. அங்குலிமாலருக்கு மன்னன் பசேனதி அளித்ததும் அதுவே. நம்பப்படும் மனிதர் அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவராக உயர முயல்கிறார் என்பதற்கு அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கும் சாங்கானேர் சான்றாகும்.

தமிழில் தொழிலுக்கு இடும் மூலதனத்தை 'முதல்' என்கிறோம். முதல் இல்லாமல் வாணிகம் இல்லை. சிறை மீண்டவரிடம் பெரும்பாலும் பணமாகிய முதல் இல்லை. ஆனால் அதைவிட அடிப்படையான ஒரு முதலும் அவரிடம் இல்லாமற்போயிருக்கிறது; அதுதான் நம்பிக்கை. இறைவனிடம் நம்பிக்கை, தன்னிடம் நம்பிக்கை, பிறர் தன்மீது வைக்கும் நம்பிக்கை என்ற மூன்றுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆன்மிகத்தில் வேரூன்றிய தொழிற்பயிற்சி இம்மூன்றையும் சேர்த்து வளர்க்க முயல்கிறது. கைத்திறனை மட்டும் கற்பிக்கும் பயிற்சியினின்று அது வேறுபடுவது இங்கேதான்.

உஜிரேயும் ஹூஸ்டனும்

கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் உள்ள உஜிரேயில் 1982ஆம் ஆண்டு, தர்மஸ்தல மஞ்சுநாதேசுவரர் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் இணைந்து சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. வேலை தேடி அலையும் கிராமத்து இளைஞர்களை அழைத்து, உணவும் உறைவிடமும் இலவசமாக அளித்து, சில வாரங்கள் உடனிருந்து பயிற்சி தருவதே அதன் முறை. தொழில்நுணுக்கத்தோடு நேரந்தவறாமை, கணக்கு வைத்தல், வாடிக்கையாளரிடம் பேசுதல், தோல்வியைத் தாங்குதல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்த பிறகும் வங்கிக் கடன் பெறவும் தொழில் நிலைபெறவும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து துணை நிற்பது இதன் சிறப்பு. 2009 முதல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் இதே முறையைப் பின்பற்றி, மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தி வருகிறது. சில மாவட்டங்களில் இவற்றின் பயிற்றுநர்கள் சிறைக்குள்ளேயே சென்று கைதிகளுக்கும் பயிற்சி அளித்துள்ளனர். ஒரு கோயிலின் அறப்பணியாக முளைத்த விதை இவ்வாறு சிறைச்சுவருக்குள்ளும் நிழல் பரப்பியிருக்கிறது.

இதே எண்ணம் கடல் கடந்தும் தோன்றியது. நியூயார்க்கில் முதலீட்டுத் துறையில் பணியாற்றிய கேத்தரின் ரோர் என்னும் பெண்மணி, தம் கிறிஸ்தவ நம்பிக்கையின் தூண்டுதலால் டெக்சாஸ் மாநிலத்துச் சிறைக்குச் சென்று பார்த்தார். போதைப்பொருள் விற்ற கும்பல்களின் தலைவர்களிடம் சரக்குக் கணக்கு, விலை நிர்ணயம், ஆட்களை நடத்துதல் போன்ற வாணிகத் திறமைகள் இருப்பதைக் கண்டார். திறமை இருக்கிறது; அது செல்லும் திசைதான் தவறு என்று உணர்ந்தார். 2004ஆம் ஆண்டு ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு சிறைத் தொழில்முனைவோர் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அவர் விலகிய பின்னும் திட்டம் தொடர்ந்தது.

அத்திட்டத்தில் சேர்வோர் முதலில் நற்பண்புப் பயிற்சியைக் கடக்க வேண்டும். பின்பு ஒவ்வொருவரும் தாம் தொடங்க விரும்பும் தொழிலுக்கான திட்டத்தை எழுதி, தொண்டுள்ளத்தோடு வரும் தொழிலதிபர்கள்முன் விளக்க வேண்டும். பட்டமளிப்பு நாளில் அங்கி அணிந்து, குடும்பத்தினர் முன்னிலையில் சான்றிதழ் பெறுகிறார்கள். விடுதலைக்குப் பின் தங்குமிடமும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சியை முடித்தவர்களுள் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறை சென்றோர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டறிந்தனர். திருந்த விரும்பி விண்ணப்பித்தவர்களே இத்திட்டத்தில் சேர்கிறார்கள் என்பதை நினைவிற்கொண்டே இந்த எண்ணை நாம் மதிப்பிட வேண்டும். ஆயினும், விருப்பம் உள்ளவருக்கு வழி காட்டினால் அவர் நடப்பார் என்பதை அது உணர்த்துகிறது.

உஜிரேக்கும் ஹூஸ்டனுக்கும் வழிபாட்டிலும் பண்பாட்டிலும் எவ்வளவோ வேறுபாடு உண்டு. எனினும் இரண்டும் ஒரு முடிவுக்கே வந்துள்ளன: கற்பித்து அனுப்பிவிடுவது போதாது, கற்றவர் தடுமாறும் நாளில் அருகில் இருக்க வேண்டும்.

கணக்குப் புத்தகம் என்னும் சாதனை

இனி, பயிற்சியின் உட்பொருளைக் காண ஒருவரை எண்ணிக்கொள்வோம். சிறையில் தச்சுவேலை கற்றவர் அவர். விடுதலையாகி வந்து, வீட்டுத் தாழ்வாரத்தில் சிறிய பட்டறை அமைக்கிறார். ஒருவர் கட்டில் செய்யச் சொல்லி 3,000 ரூபாய் முன்பணம் தருகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பணம் அது. அன்று மாலையே மகனுடைய பள்ளிக் கட்டணத்துக்கு ஆள் வந்து நிற்கிறார். பணம் சட்டைப் பையில் இருக்கிறது. அது யாருடைய பணம்?

அது மரம் வாங்குவதற்கான பணம். கட்டில் வீடு சேரும்வரை வாடிக்கையாளருடைய பணம். அதை எடுத்துச் செலவிட்டால், அடுத்த வாரம் மரம் வாங்கப் பணம் இருக்காது. ஒரு பொய் சொல்ல நேரும். பின்பு இரண்டாவது வாடிக்கையாளரின் முன்பணத்தில் முதல்வருக்கு மரம் வாங்க நேரும். மூன்றாவது மாதத்தில் ஊர் சொல்லும்: 'அவன் புத்தி மாறவில்லை.' அன்பு மிகுந்த ஒரு தந்தை, மகனுக்காகச் செய்த சிறு தவறு, அவரைப் பழைய பெயருக்கே இழுத்துச் சென்றுவிடும்.

இங்கே நல்ல பயிற்சி மூன்றைக் கற்பிக்கிறது. முதலாவது, தொழிற்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் வேறு வேறாக வைத்தல். இரண்டாவது, தமக்கு உரிய கூலியை எழுதி, அதை மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல். மூன்றாவது, நெருக்கடி வரும்போது மறைக்காமல், வழிகாட்டியிடம் அன்றே சொல்லுதல். முதல் இரண்டையும் எந்தக் கணக்கரும் கற்பிக்கலாம். மூன்றாவதற்கு உறவு வேண்டும். எத்தனை முறை தடுமாறினாலும் கதவைச் சாத்தாத ஒரு சத்சங்கம் வேண்டும்.

இரவில் விளக்கின்கீழ் அமர்ந்து அன்றைய வரவையும் செலவையும் உள்ளபடி எழுதுவது ஒரு சாதனையே. அருகில் காவலர் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. யாரும் பாராத இடத்தில் உண்மையை எழுதும் கை, இறைவன் பார்க்கிறான் என்ற உணர்வால் நிலைபெறுகிறது. செய்யும் தொழிலையே இறைவனுக்கு அர்ச்சனையாக்கும் கர்ம யோகம் பட்டறையில் இவ்வாறுதான் உருப்பெறுகிறது. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கியது வீணன்று. நேர்மை தேய்ந்தால் காசும் செல்லாது.

'என் கடந்த காலத்தை எல்லாரிடமும் சொல்ல வேண்டுமா?' என்ற கேள்வி சிறை மீண்டோர் பலரை வருத்துகிறது. கட்டில் வாங்க வருபவரிடம் வாழ்க்கை வரலாற்றைக் கூற வேண்டிய கடமை இல்லை. ஆனால் கடன் கொடுப்பவரோ கூட்டாளியாகச் சேர்பவரோ கேட்டால், பொய் சொல்லலாகாது. உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, 'இது நடந்தது. இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்' என்று புத்தகத்தைத் திறந்து காட்டுபவரே வலிமையுடையவர்.

மூன்று எச்சரிக்கைகள்

இத்தொண்டில் ஈடுபடுவோர் மனத்தில் இருத்த வேண்டியவை மூன்று.

1. நம்பிக்கையைத் திணிக்கலாகாது. சிறையிலிருப்பவர் மறுக்க இயலாத நிலையில் இருப்பவர். நல்ல அறையோ, முன்கூட்டிய விடுதலையோ, கடனோ கிடைக்கும் என்பதற்காக அவர் வழிபாட்டில் அமர்ந்தால், அது பக்தியாகாது. அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிறையில் அரசுப் பணத்தில் நடந்த ஒரு சமயச் சீர்திருத்தத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என 2006இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முரண் என்ற அம்முடிவை உறுதிசெய்தது. நம் அரசமைப்பின் 25ஆம் பிரிவும் மனச்சான்றின் சுதந்திரத்தை எல்லாருக்கும் உரியதாக்குகிறது. உதவியைக் கேள்வியின்றி அளிப்போம். ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று அவராகக் கேட்கும் நாளில் விடை சொல்வோம்.

2. பாதிக்கப்பட்டவரை மறக்கலாகாது. குற்றம் செய்தவருக்குப் பட்டறை அமைத்துக் கொடுக்கும்போது, அவரால் மகனை இழந்த தாய் என்ன நினைப்பாள்? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கும் தொண்டு முழுமையானதன்று. 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கைதிகளின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று கூறியபோதே, அவ்வூதியத்தின் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்குவதற்குச் சட்டம் இயற்றுமாறும் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. நம் சாத்திரங்கள் கூறும் பிராயச்சித்தமும் வெறும் வருத்தம் அன்று. அது ஈடு செய்யும் செயல். தம் இலாபத்தில் ஒரு சிறு பங்கையேனும் பாதிக்கப்பட்டோரின் நலனுக்கு ஒதுக்கும் வழக்கத்தைப் பயிற்சியின் அங்கமாக்க வேண்டும்.

3. எல்லாரும் தொழில் தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. இடரை ஏற்கும் இயல்பு எல்லாருக்கும் அமைவதில்லை. கடன் சுமையில் ஒருவரைத் தள்ளிவிடுவது உதவியாகாது. கூலி வேலையோ மாதச் சம்பளமோ பொருந்துபவருக்கு அதைத் தேடித் தருவதும் இதே தொண்டுதான். நேரந்தவறாமை, கணக்கு, வாக்குத் தவறாமை ஆகிய பாடங்கள் அவருக்கும் பயன்படும்.

நாம் செய்யக்கூடியது

சிறைக்குள் சென்று வகுப்பெடுக்க நம்மில் எல்லாருக்கும் இயலாது. ஆனால் வெளியில் செய்ய வேண்டியவை பல உள்ளன. தொழில் நடத்தும் அன்பர் ஒருவர், சிறை மீண்ட ஒருவருக்கு வாரம் ஒருமுறை கணக்குப் பார்க்கச் சொல்லித் தரலாம். வங்கியில் பணியாற்றுபவர் விண்ணப்பம் நிரப்ப உதவலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்குப் பிணையச் சொத்து இன்றிக் கடன் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. இல்லத்தரசியர் தாம் கொடுக்கும் முதல் தையல் வேலையை அவருக்குக் கொடுக்கலாம். கோயிலும் மடமும் தம் திருவிழாத் தேவைகளில் ஒன்றை அவருடைய பட்டறையில் வாங்கலாம். தானமாகக் கொடுக்கும் நூறு ரூபாயைவிட, பொருள் பெற்றுக்கொண்டு விலையாகக் கொடுக்கும் நூறு ரூபாய் அவரை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

சில சமயம் நம் நம்பிக்கை பொய்க்கவும் கூடும். அப்படி ஒருவர் தவறினால், அடுத்து வருபவரையும் ஐயுற வேண்டாம். பயிர் பொய்த்த வயலை உழவன் தரிசாக விட்டுவிடுவதில்லை.

அங்குலிமாலருக்குக் கல்லடியைப் பொறுத்துக்கொள்ளுமாறு கூறியவர் அவருடைய குரு. அப்படிச் சொல்லும் உரிமை, அவரை ஏற்றுக்கொண்டு அருகில் வைத்திருந்தவருக்கே உண்டு. நாமோ தெருவில் நிற்கிறோம். நம் கையில் ஓட்டுச்சில்லு இருக்கிறதா, அல்லது அவருடைய உடைந்த பாத்திரத்தில் இடுவதற்கு ஒரு பிடி அன்னம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நம் பாடம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. மனம் திருந்துவதற்கும் ஊர் ஏற்றுக்கொள்வதற்கும் இடையிலுள்ள காலத்தில் ஒருவருக்கு எவை தேவை? அங்குலிமாலரின் வாழ்வைக் கொண்டு விளக்குக.

2. தச்சரின் கதையில், பள்ளிக் கட்டணத்துக்கு ஆள் வந்து நின்ற மாலையில் நீங்கள் அவருக்கு என்ன கூறியிருப்பீர்கள்?

3. குற்றம் செய்தவருக்கு உதவுவதும் பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டுவதும் எவ்வாறு ஒன்றையொன்று நிறைவு செய்யக்கூடும்?

4. கடந்த ஓராண்டில் நீங்கள் யாருக்கேனும் நம்பிக்கையை முதலாக அளித்ததுண்டா? இல்லையெனில், தடுத்தது எது?